சந்தன நிறம்

"திங்கட்கிழமை வாற அதிகாரி எழுதுறதிலதான் எல்லாம் இருக்கு," என்றார் குகநாதன் மனைவியிடம். "இது பிரயோசனமில்லை எண்டு எழுதினா ஹோலை இடிச்சுப்போட்டு பிளாட் கட்டுவாங்கள். எங்கட தமிழ்ப் பள்ளிக்கூடம் தெருவிலதான்."

லண்டன் சட்டனில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கட்டிய மண்டபம் அது. உள்ளே நீளமாக ஒரு சாம்பல் கொங்கிரீட் சுவர். பிள்ளைகள் அதை ஜெயில் என்பார்கள். முப்பது வருடமாகப் பெயின்ற் அடிக்கும் குகநாதனுக்கு அதைப் பார்க்கவே கூச்சம்.

"ஆக்கள் வரேக்க இப்பிடியே விடுறதோ?"

மனைவி பாலாம்பிகை ஏணியைப் பிடிக்க, சனியும் ஞாயிறும் இரண்டு கோட் அடித்தார். சந்தன நிறம். இருக்கிறதிலேயே விலை கூடின பெயின்ற்.

திங்கள் காலை வந்த அதிகாரி வாசலிலேயே நின்றுவிட்டார். கோப்பிலிருந்த பழைய படத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எப்படி இருக்கிறது?" என்று ஆசையோடு ஆங்கிலத்தில் கேட்டார் குகநாதன்.

"பலகைத் தடம் பதிந்த வெறும் கொங்கிரீட் சுவர் இங்கே இருந்ததே. அந்தக் காலக் கட்டடக்கலைக்கு மிஞ்சியிருக்கும் அபூர்வமான அந்தச் சுவருக்காகத்தான் இந்த மண்டபத்தை இடிக்கக்கூடாது என்று எழுதியிருந்தேன். கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வந்தேன்."

பாலாம்பிகை கணவனின் பக்கம் திரும்பினார்.

"கழுவினா, சுரண்டினா போகாதோ?"

குகநாதன் தலை குனிந்தார்.

"நான் அடிச்சா போகாது."