மூன்று பக்கம் நீர்

ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருந்த அந்த ஊருக்குப் படகு கேட்டு மனு போட்டிருந்தார்கள். சித்திரையில் சர்வேயர் மணல்திட்டு வழியாக நடந்தே வந்தார். ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மூணு பக்கந்தான் தண்ணி. இது தீபகற்பம்மா. அரசாங்கப் படகு தீவுக்குத்தான்" என்றார்.

"மழை வந்தா நாலு பக்கமும் தண்ணிதான் சார்" என்றாள் மனு போட்டவர்களில் ஒருத்தியான சலோமி. "நீங்க நடந்து வந்த மணலு மேல ஆளுயரத்துக்கு ஓடும். போன ஐப்பசியில என் மூத்தவ வலியெடுத்து இந்தக் கரையிலயே கெடந்து செத்தா. இப்ப இளையவளுக்கும் ஐப்பசிதான் நாள் சொல்லியிருக்காங்க."

"கண்ணால பாக்காததை நான் எப்படிம்மா எழுதுறது?"

"அப்ப ஐப்பசியில ஒரு தடவ வந்து பாருங்க."

அவர் உண்மையாகவே யோசித்தார். "ஐப்பசியில எப்படிம்மா வர்றது? வழி இருக்காதே."

வயிற்றில் கை வைத்தபடி நின்ற இளையவள்தான் முதலில் சிரித்தாள். ஏனென்று தெரியாமல் அவரும் சிரித்தார். பிறகு படிவத்தில் தீபகற்பம் என்று எழுதி, அதன் கீழே சலோமியின் கைநாட்டை வாங்கிக்கொண்டார்.