பேர் போடாத தாள்

நோட்டீஸ் போர்டில் தம்பியின் பெயர் எங்கேயும் இல்லை. ஆனாலும் அவன் கையும் களவுமாக மாட்டிக்கொண்டான்.

லிஃப்ட் செய்யும் கம்பெனி அது. லிஃப்டைத் தூக்கும் கம்பி வடம் எவ்வளவு எடை தாங்கும் என்று இழுத்துப் பார்க்கும் சோதனைப் பிரிவில் இரண்டே பேர், அக்காவும் தம்பியும். அவன் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று முள் காட்டும் எண்ணைக் கத்துவான். அவள் மேஜையில் உட்கார்ந்து தலை நிமிராமல் எழுதிக்கொள்வாள். பதினோரு வருஷமாக இப்படித்தான்.

போன மாதம் ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். அவரவர் இனம் என்ன என்று கட்டாயம் எழுத வேண்டுமாம். எழுதாவிட்டாலோ, பொய் எழுதினாலோ வேலை இல்லையாம்.

"யார் என்ன இனம்னு எங்களுக்கு எதுக்குங்க? பேரே போட வேண்டாம். பிரிவு வாரியா எண்ணிக்கை மட்டும்தான் வெளிய வரும்" என்று பர்சனல் ஆபீஸர் பல்லெல்லாம் தெரியச் சொன்னார்.

இன்று காலை எண்ணிக்கை வெளியே வந்தது. வெல்டிங் பிரிவில் சமவெளியினம் நாற்பது, மலையினம் ஆறு. சோதனைப் பிரிவில் சமவெளியினம் ஒன்று, மலையினம் ஒன்று.

இரண்டே பேர் இருக்கிற இடத்தில் பெயரை மறைத்து என்ன புண்ணியம்? படித்த மேதாவிகள் ஒருவருக்கும் இது உறைக்கவில்லை.

ஊர்வம்பையெல்லாம் ஒலிபரப்பி 'ரேடியோ' என்று பெயர் வாங்கிய வெல்டர் ஒருவருக்கு உடனே உறைத்தது.

"ஏம்மா, அக்கா ஒரு இனம், தம்பி ஒரு இனமா? உங்க வீட்டுல மட்டும் அது எப்படி?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்காவுக்கு முகம் செத்துப்போயிற்று. மலையினம் என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தவள் அவள். அப்படியானால் அந்த இன்னொரு 'ஒன்று' யார் என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சோதனை அறைக்குத் திரும்பினாள். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. வடம் முறுக்கேறி முனகியது.

"நாலாயிரத்து இருநூறு!" என்று தம்பி கத்தினான்.

அக்கா எழுதவில்லை. நேரே போய், அவனை விலக்கிவிட்டு, குனிந்து முள்ளைத் தானே பார்த்தாள். நாலாயிரத்து இருநூறுதான்.

தம்பி இயந்திரத்தை நிறுத்தினான்.

"என்னக்கா இது?"

"சரிபார்க்கிறேன். இனிமே நீ சொல்ற எதையும் பார்க்காம எழுத மாட்டேன்."

"போர்டைப் பார்த்துட்டியா?"

"நான் மட்டுமா? ஊரே பார்த்துச் சிரிக்குது. ஃபோர்மேன் வேலைக்கு ஆள் எடுக்கப்போறாங்கன்னதும் நீ சமவெளியான் ஆயிட்டியாடா?"

"சத்தியமா அதுக்கில்லக்கா. பேர் போடாத தாள்தானே, யாருக்குத் தெரியப்போகுதுன்னு எழுதிட்டேன்."

"ஓ! யாருக்கும் தெரியாதுன்னா பெத்தவளையே மாத்திக்கலாமா?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் குனிவு அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. வேறு யாராவது செய்திருந்தால் தூ என்று துப்பிவிட்டுப் போயிருப்பாள். இவன் செய்தான் என்பதுதான் தாங்கவில்லை.

அப்பா போனபிறகு வாடகைக்கு வீடு கேட்டுப் போன இடத்திலெல்லாம் அம்மா முதலில் சொன்னது, "நாங்க மலையினம்" என்பதைத்தான். அப்புறம் தெரிந்து விரட்டுவதைவிட இப்போதே தெரியட்டும் என்பாள். எத்தனையோ கதவுகள் முகத்தில் சாத்தப்பட்டன. அந்தக் கதவுகளுக்கு முன்னால் அம்மாவின் இந்தக் கையை அக்காவும் அந்தக் கையைத் தம்பியும் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"உன்னைவிட ரெண்டே வயசு பெரியவடா நான். என் இடுப்பு வலிக்க வலிக்க உன்னைத் தூக்கிட்டு நடந்திருக்கேன். 'மலைப்பய'ன்னு உன்னைச் சொன்னவன் மண்டையை உடைச்சிருக்கேன். எல்லாம் இதுக்குத்தானா?"

"கத்தாதக்கா. வெளிய கேட்கும்."

"கேட்கட்டும்! அம்மாவுக்குக் கிட்னி வேணும்னப்ப முதல் ஆளா ஓடினவன்தானே நீ? உன்னோடது சேரவே சேராதுன்னு டாக்டர் சொன்னதும், உன்னை மட்டும் உள்ள கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கிட்டு, ஒரு மணி நேரம் சமாதானம் பண்ணாங்களே அம்மா! கண்ணு வீங்க வெளிய வந்தியே, அதெல்லாம் நடிப்பா?"

தம்பி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

அக்கா தன் இடுப்பில் கைவைத்துக் காட்டினாள். "என்னுதை அறுத்துக் கொடுத்தேன். நாலு வருஷம் கூட இருந்தாங்க. சாகிற அன்னிக்கும் உன் கையைத்தான் பிடிச்சிட்டிருந்தாங்க, என் கையை இல்ல. எனக்குப் பொறாமையாக்கூட இல்லடா, பெருமையா இருந்துச்சு. அப்படிப்பட்டவங்க இனத்தை எழுத உன் கை கூசியிருக்கு."

"கூசலக்கா..."

"பேசாதே! இனி என் வீட்டு வாசப்படி மிதிக்காதே. நான் இன்னிக்கே வேற பிரிவு கேட்டு எழுதிக் கொடுக்கிறேன். நீயாச்சு, உன் சமவெளியாச்சு."

நோட்டை மூடிக் கையில் எடுத்துக்கொண்டாள். கதவு வரை போனவளுக்கு நெஞ்சு ஆறவில்லை. திரும்பி நின்று, வாயில் வந்ததைக் கொட்டினாள்.

"நீ எங்கம்மா பெத்த பிள்ளையே இல்லடா!"

தம்பி சட்டென்று நிமிர்ந்தான். பக்கத்திலிருந்த வடத்தை எட்டிப் பிடித்துக்கொண்டான்.

"அம்மா உன்கிட்டயும் சொல்லிட்டாங்களாக்கா?"