மூன்று விரல்கள்

1527ஆம் ஆண்டு மே ஆறாம் தேதி, பாப்பரசரைத் தப்பவைக்க நூற்று நாற்பத்தேழு சுவிஸ் காவலர்கள் உயிரைக் கொடுத்தார்கள். அதனால்தான் படையில் சேரும் புதியவர்கள் ஆண்டுதோறும் அதே நாளில் வத்திக்கான் முற்றத்தில், இடக்கையால் கொடியைப் பிடித்து, வலக்கையின் மூன்று விரல்களை உயர்த்திச் சத்தியம் செய்கிறார்கள்.

சூரிச்சில் பிறந்த மெலானி சூசைப்பிள்ளையின் முறை வந்ததும் தளபதி தடுத்தார். அவளுடைய வலக்கை இயந்திரக் கை.

"இயந்திரம் சத்தியம் செய்யக்கூடாது. காவலுக்கு நிற்கலாம், அவ்வளவுதான்."

பார்வையாளர் வரிசையில் அவள் தாய் றீற்றா எழுந்துவிட்டாள். "அந்தக் கை எப்பிடிப் போனதெண்டு சொல்லு பிள்ளை!"

அது எல்லோருக்கும் தெரியும். போன நத்தாரன்று, கிறிஸ்து பிறப்புப் பூசையில் குண்டு வெடித்தபோது, படையின் இயந்திரக் காவலர்கள் ஆபத்தைக் கணக்குப் போட்டு முடிப்பதற்குள், பயிற்சியில் இருந்த அவள் பாப்பரசரின் முகத்துக்குக் குறுக்கே கையை நீட்டியிருந்தாள்.

மெலானி இயந்திரக் கையைக் கழற்றிக் கீழே வைத்தாள். விரலில்லாத மணிக்கட்டை உயர்த்தினாள்.

"மூன்று விரல்கள் எங்கே?" என்றார் தளபதி.

பாப்பரசர் இருக்கையிலிருந்து இறங்கி வந்தார். அவள் மணிக்கட்டின் மேல் தன் கையை வைத்து, மூன்று விரல்களை விரித்தார்.

"சொல், மகளே."

அவள் குரல் முற்றமெங்கும் கேட்டது. முரசுகள் அதிர்ந்தன.

"இப்ப எண்ணிப் பாருங்கோ!" என்று கத்தினாள் றீற்றா.