தாய்ப்பால் மட்டும்தான்

காத்திருந்தவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு, தோளில் துவண்டு கிடந்த மகனோடு டாக்டரம்மாவின் அறைக்குள் பாய்ந்தான் உத்தமன். பின்னாலேயே அவன் மனைவி லோகநாயகி ஓடி வந்தாள்.

"நல்லா உக்காந்துகினு இருந்த புள்ள டாக்டர்! இப்போ தலையே நிக்க மாட்டேங்குது!" என்றான் உத்தமன்.

டாக்டர் குழந்தையைத் தொட்டுப் பார்த்தார். "என்ன குடுக்கறீங்க?"

"தாய்ப்பால் மட்டும்தான்" என்றாள் லோகநாயகி.

"தாய் உடம்புல பி12 வைட்டமின் இல்லேன்னா பாலுலயும் இருக்காது. மீன், முட்டை, பால், தயிர் எதுவுமே சாப்பிடறதில்லையாம்மா?"

உத்தமனுக்குச் சுருக்கென்றது. "இன்னா டாக்டர் இப்டி கேட்டுட்டீங்க? வாரம் தவறாம ஆவடி மார்க்கெட்ல மீனு வாங்கியாந்து போடறேன். நான் சாப்ட்டு ஷிப்டுக்குப் போனப்புறம் அவ சாப்டுவா."

"நான் அவங்களைக் கேட்டேன்."

லோகநாயகி தலைகுனிந்தாள். "நான் எதையும் தொடறதில்ல டாக்டர். எல்லாம் இவருக்குத்தான்."

"அடிப்பாவி!" என்று அலறினான் உத்தமன்.

"சண்டை வேணாம். குழந்தைக்கும் உங்களுக்கும் ஊசி போடறேன். இன்னிலேருந்து எல்லாம் சாப்பிடணும்."

"முடியாது டாக்டர்." லோகநாயகி விசும்பினாள். "மொத ரெண்டும் தங்கல. இதுவாவது தங்கணும்னு ஆத்தாளுக்கு நேந்துகினு கீறேன். இவன் எழுந்து நடக்கிற வரைக்கும் கவுச்சி, பாலு, தயிரு எதையும் தொட மாட்டேன்னு."