முப்பத்திரண்டாவது சீட்டு

தங்கை கணவர் உட்காரவில்லை. யாரும் உட்காரச் சொல்லவுமில்லை.

சட்டைப் பையிலிருந்து சின்ன பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். உள்ளே ஒரே ஒரு சீட்டு. மணி ராஜா.

அண்ணன்காரர் சேர்ப்பதெல்லாம் பழைய ஜெர்மன் சீட்டுக்கட்டுகள். நமக்குப் பழக்கமான இஸ்பேட்டும் டைமனும் அதில் கிடையாது. ஓக் கொட்டை, இலை, இதயம், மணி என்று வேறு நான்கு இனம். ராணிக்கும் இடமில்லை. அவர் அலமாரியில் இருப்பவற்றிலேயே ஒசத்தி, கையால் வண்ணம் தீட்டிய, இருநூறு வருடப் பழசான முப்பத்திரண்டு சீட்டுக் கட்டு ஒன்று. பெற்ற பிள்ளையைக்கூட அப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்திருக்க மாட்டார்.

அதில்தான் மணி ராஜா காணாமல் போனது. வீடு நிறைய உறவுக்காரர்கள் இருந்த ஒரு மத்தியானம். கடைசியாகக் கட்டைக் கையில் வாங்கிப் பார்த்தவர் தங்கை கணவர். அத்தனை பேர் முன்னாலும் அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டுத் துழாவினார் அண்ணன்.

பையில் பஸ் டிக்கெட்தான் இருந்தது. இருந்தும் திருட்டுப் பட்டம் கட்டியாகிவிட்டது.

அன்றைக்கு வாசல்படி இறங்கிய தங்கை பன்னிரண்டு வருடமாகத் திரும்பி வரவில்லை. இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

“நான் எடுக்கல மச்சான். இது வேற கட்டுச் சீட்டு. ஊர் ஊரா விசாரிச்சு, தேடி வாங்கினது. உங்க கட்டு முழுசாகட்டும். உன் புருஷன் எடுக்கலன்னு அவகிட்ட ஒரு வார்த்தை வந்து சொல்லிடுங்க, போதும். நிம்மதியாப் போயிடுவா.”

அண்ணன் பூதக்கண்ணாடியை எடுத்தார். எடுக்க வேண்டிய தேவையே இல்லை. மனுஷன் சொல்வது சத்தியம், இது அந்தச் சீட்டு அல்ல. அங்கியின் சிவப்பு கொஞ்சம் தூக்கல், வலது மூலை மழுங்கல். ஆனாலும் குனிந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். நிமிர்ந்தால் எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே.

சமையலறை வாசலில் நின்ற அண்ணன் மனைவிதான் பேசினாள்.

“எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க இத்தனை வருஷம் ஆச்சாக்கும்.”

அப்போதுதான் தங்கை கணவருக்கு உறைத்தது. தேடித் தேடி வாங்கி வந்து, தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருக்கிறார். முகம் செத்துப்போனது. மச்சானையே பார்த்தார். சீட்டோடு சீட்டாக வாழ்கிற இவருக்காவது வித்தியாசம் தெரியாமலா போகும் என்று ஒரு நப்பாசை.

அண்ணன் பூதக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

தங்கை கணவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கும் சத்தம் கேட்டது. மெதுவாகத்தான் இறங்கினார். கூப்பிட்டால் காதில் விழும் தூரத்தில் ரொம்ப நேரம் இருந்தார்.

சீட்டை அதனிடத்தில் வைக்கச் சொல்லிவிட்டு மனைவி அடுப்பைப் பார்க்கப் போனாள். அண்ணன் அந்தக் கட்டு இருந்த பெட்டியைத் திறந்தார்.

உள்ளே முப்பத்திரண்டும் இருந்தன.

தகராறு நடந்ததற்கு அடுத்த மழைக்காலத்தில், தூசி துடைக்கும்போது தட்டுப்பட்டது. இலை ராஜா மட்டும் ஏன் தடிமனாக இருக்கிறது என்று நகத்தால் நெம்பிப் பார்த்தார். ஈரத்தில் வண்ணம் இளகி, அதன் முதுகோடு ஒட்டிக் கிடந்தது மணி ராஜா.

அன்றைக்கே தங்கைக்குப் போன் போட்டார். என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இவர் தொண்டையைச் செருமியதுதான் தாமதம், “அண்ணா?” என்றாள்.

போனை வைத்துவிட்டார்.