வீக்க மாத்திரை

ஸ்கேன் எடுக்க நெமானியின் தொடையில் குளிர்ந்த பசையைத் தடவும்போது டாக்டர் ஊனாய்சி அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

அவன் அதைக் கவனிக்கவில்லை. கட்டிலில் குப்புறப் படுத்து, தேவாலயப் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். நூற்றுப் பத்து கிலோ உடம்பு. அவள் பயமெல்லாம் அதில் ஒரு சாண் இடத்தில் இருந்தது.

இருபத்திரண்டு நாளைக்கு முன், தலைநகர் சுவாவில் நடந்த ரக்பி ஆட்டத்தில், பந்தோடு ஓடும்போதே அவனுடைய பின்தொடைத் தசை கிழிந்தது. மறுநாள் தொடை ஈரப்பலா போல வீங்கிவிட்டது. அணி மேலாளர் வந்து கதவைச் சாத்தினார்.

"வெளிநாட்டுக் கிளப்காரன் மூணு வாரத்துல இவனைத் தேர்வு பண்ண வர்றான். இந்த வீக்கம் அவன் கண்ணுல படக்கூடாது. புரியுதா?"

புரிந்தது. அதுதான் வினை. வீக்கத்தைக் குறைக்கிற மாத்திரையிலேயே கடுமையானதாகப் பார்த்து, நாளைக்கு மூன்று என்று எழுதினாள். யாருக்கும் ஐந்து நாளைக்கு மேல் தராதவள், இவனுக்கு மூன்று வாரமும் தந்தாள். வாராவாரம் மறக்காமல் கேட்கவும் செய்தாள். சாப்பிடுகிறாயா? ஆமா டாக்டர். விடாமல்? ஆமா டாக்டர்.

முந்தாநாள் மருத்துவர்கள் கூட்டத்தில், கிழிந்த தசை எப்படி ஆறுகிறது என்று யாரோ படம் போட்டுக் காட்டினார்கள். எல்லாம் கல்லூரியில் படித்ததுதான். படித்ததை மறப்பதற்கென்றே சிலருக்குப் பட்டம் கொடுக்கிறார்கள்.

தசை கிழிந்தால் உடம்பு சும்மா இருப்பதில்லை. முதலில் துப்புரவு செல்கள் திரண்டு வந்து செத்த தசை நாரை வாரி எடுக்கும். அந்தக் கூட்டம்தான் வெளியே வீக்கமாகத் தெரிகிறது. வாரி முடிக்கும்போது அவையே சமிக்ஞை விடும்: எழுந்திரு.

நாரோரமாக வருஷக்கணக்கில் தூங்கிக் கிடக்கிற மூலச்செல்கள் அந்த அழைப்புக்குத்தான் விழிக்கும். விழித்து, பெருகி, ஒன்றோடொன்று சேர்ந்து புது நாராகும். அழைப்பு சரியாக வராவிட்டால் அந்த இடத்தைத் தழும்பு அடைத்துக்கொள்ளும். தழும்பு சுருங்காது, நீளாது, ஓடாது.

ஐயோ, மாத்திரை கொடுத்துக் கூப்பிடுகிறவன் வாயை அல்லவா பொத்தியிருக்கிறேன் என்று கூட்டத்திலேயே அவளுக்கு உறைத்தது. இரண்டு ராத்திரி தூங்கவில்லை.

கருவியைத் தொடையில் வைத்தாள். திரையைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. சுவரைப் பார்த்தாள். நம்பி வந்த ஒரு உயிரை என் கையாலேயே கெடுத்தேன் என்று மட்டும் ஆகிவிடக் கூடாது, கர்த்தரே. வேறு எதுவும் கேட்கவில்லை.

"என்ன டாக்டர், பேச்சையே காணோம்? தொடைக்குள்ள சுறா ஏதும் நிக்குதா?"

"வாயை மூடிட்டுப் படு."

பார்த்தாள்.

தழும்பின் வெள்ளைத் திட்டு இல்லை. கிழிசல் இருந்த இடம் முழுக்க மெல்லிய கோடுகள், மேலிருந்து கீழ்வரை, வரிவரியாக. கருவியை நகர்த்தினாள். திரும்பக் கொண்டுவந்தாள். எங்கே வைத்தாலும் புது நார். இருபது வருஷத்தில் இவ்வளவு அழகாக ஆறிய தசையை அவள் பார்த்ததில்லை.

அழுகை வந்துவிட்டது. பசை துடைக்கிற துணியாலேயே கண்ணையும் துடைத்து, முகமெல்லாம் பசையாக்கிக்கொண்டாள்.

"ஆறிடுச்சுடா! அத்தனை மாத்திரை தின்னும் ஆறியிருக்கே, உன் உடம்பு என்ன உடம்புடா!"

நெமானி எழுந்து உட்கார்ந்தான். தலையைக் குனிந்துகொண்டான்.

"கோச்சுக்காதீங்க டாக்டர். நான் ஒண்ணுகூடச் சாப்பிடல."

மரியாதைக்குரியவர் கேட்டால் இந்த ஊரில் பதில் ஆமாதான். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்கிற பிள்ளையை யாரும் இங்கே வளர்ப்பதில்லை. ஊனாய்சியும் அப்படி வளர்ந்தவள்தான். அதையும் மறந்திருந்தாள்.

கோபமாவது கீபமாவது! அவனைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது. தப்பித்தேன், தப்பித்தேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

"கொழுப்புடா உனக்கு! அப்ப அவ்வளவையும் எங்க கொட்டுன?"

"கொட்டுவேனா? முட்டி வலின்னு அம்மா கேட்டாங்க."

கேட்டவருக்கு இல்லை என்பது இந்தத் தீவுகளில் செத்த பிறகும் பேசப்படுகிற குற்றம். கேட்டதோ பெற்றவள். அவள் இருக்கிற லாவுத் தீவுப் பக்கம் போகிற கப்பலில் வாராவாரம் அனுப்பியிருக்கிறான், அறுபத்தெட்டு வயதுக்காரிக்கு.

அவள் முகத்திலிருந்த சிரிப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை. அவன் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனான்.

"நாளைக்கு மூணு, நீங்க எழுதுன மாதிரியே, ஒருவேளைகூட விடலையாம். வலியே இல்லையாம் டாக்டர், உங்களுக்காக ஜெபம் பண்றாங்க. நேத்து போன்ல பேசுனேன். தலைதான் சுத்துதாம். வெளிக்குப் போனா தார் மாதிரி கருப்பா போகுதாம். கீரை நிறையத் தின்னுட்டேன்னு சிரிக்கிறாங்க."

கீரை தின்றால் தார் மாதிரிப் போகாது. அந்த மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கி உள்ளே ரத்தம் கசிந்தால் போகும்.

ஊனாய்சி பசைத் துணியைக் கீழே போட்டாள். தீவில் நர்ஸ் இருக்கிறாளா என்று கேட்டாள். அவள் பிரசவத்துக்காகச் சுவாவுக்கு வந்திருக்கிறாள் என்றான்.

"கப்பல்? அடுத்த கப்பல் எப்போ?"

"நேத்துதான் போச்சு. இனிமே ஆறு நாள் ஆகும்." நெமானி அவளை ஆசையோடு பார்த்தான். "ஏன் டாக்டர், இன்னும் மாத்திரை தர்றீங்களா?"