நாற்றமில்லாத மூலை

பிற்பகல் வெயிலில் கிண்ணியாக் களப்பு அசையாமல் கிடக்கிறது. தூரத்தில், துறைமுகப் பக்கம், ஒரு கப்பல் ஊதி ஓய்கிறது. மட்டி பொறுக்கிவிட்டுக் கரையேறிய ஸுல்பிகா, கூடையை இறக்கிவைத்துக் கண்டல் நிழலில் குந்துகிறாள். சேறு ஆராயும் லக்சனா ஐஸ் பெட்டியிலிருந்து மூடிய கண்ணாடித் தட்டுகள் இரண்டை எடுத்து அவள் முன்னால் வைக்கிறாள். போன கிழமை களப்பின் இரண்டு பக்கத்திலும் அள்ளிய சேற்றிலிருந்து பற்றீரியா வளர்த்த தட்டுகள் அவை. ஒன்றில் மஞ்சளும் வெள்ளையுமாய்ப் புள்ளிகள் அப்பியிருக்கின்றன. மற்றதில் ஒன்றுமேயில்லை. ஸுல்பிகா அதைத்தான் தொடுகிறாள்.

“இதுதானே எங்கட மூலை? அந்தப் பக்கம் கூழ்முட்டை நாத்தம் மிஸ், மனுசர் நிக்க ஏலாது. எங்கட சேறு பாருங்க, என்ன துப்பரவு!”

“உங்கட மூலைதான் ராத்தா. ஆனா துப்பரவில்லை. இங்க வள்ளத்தில சுரண்டின பழைய பெயின்றால செம்பும் ஈயமும் இறங்கி, சேத்தில இருந்த பற்றீரியா செத்துப்போச்சு. நாத்தம் வாறதுக்கும் அதுகள் உசிரோட இருக்கோணும்.”

“அப்ப மட்டி?”

“அது லேசில சாகாது. எல்லாத்தையும் உடம்புக்குள்ள சேத்து வைக்கும்.”

கூடைக்குள் மட்டிகள் ஓடு உரசிக் கரகரக்கின்றன. மூன்று வருடமாக அவள் வீட்டுக் குசினியில் வேகுவது இந்த மூலை மட்டிதான். ஸுல்பிகா கையாலேயே மணலில் குழி தோண்டுகிறாள். கூடையைக் கவிழ்த்து, மூடி, மேலே மிதிக்கிறாள்.

“உள்ளுக்குப் போனது எவ்வளவு காலம் நிக்கும் மிஸ்?”

“மட்டிக்குள்ளயோ, ராத்தா?”

“இல்ல. புள்ளையளுக்குள்ள.”